கீழ்ப் பைப்பில் பூட்டிய மீட்டர்

வாப்பாவின் காரைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை. எங்கோ மலைநாட்டில் ஒரு துரை ஓட்டிக் கழித்து, கைமாறிக் கைமாறி எங்கள் கல்முனைக்கு வந்து சேர்ந்த கார் அது. ஓடும், நன்றாகவே ஓடும். கொஞ்சத் தூரம் போனதும் றேடியேட்டர் தண்ணீர் கொதித்து, மூடிக்கு மேலால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அதன்பிறகு காரில் வந்தவர்கள் எல்லாரும் இறங்கி நின்று வாப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள்.

உம்மாவின் வயிற்றில் அப்போது என் தம்பி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நோவு கண்டதும் தாமதிக்காமல் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் தாயும் பிள்ளையும் தப்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாப்பா அன்றைக்கே காரைத் துடைக்கத் தொடங்கினார். ஆனால் மாமா, அதாவது உம்மாவின் மூத்த காக்கா, சம்மதிக்க வேண்டுமே! நாங்கள் இருந்தது உம்மாவின் வீடு. வாப்பா சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளையாக வந்து அதில் குடியேறியவர். அந்த வீட்டில் மாமா சொன்னால் சொன்னதுதான்.

"இந்தக் கொதிக்கிற சட்டிக்குள்ள என்ட தங்கச்சிய ஏத்தமாட்டன் மச்சான்! நடுறோட்டுல நிண்டா ஆரு பொறுப்பு? மருத்துவிச்சி இரிக்கா, அல்லாஹ் இரிக்கான்."

வாப்பா கெஞ்சினார். கடைசியில், சூடு காட்டும் மீட்டர் ஒன்று காருக்குப் பூட்டுவது என்று பேச்சு முடிந்தது. மாமா முன்சீட்டில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே வருவார். முள் பாதியைத் தாண்டினால் அந்த இடத்திலேயே காரைக் கிறுக்கி, அதாவது திருப்பி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வாப்பா "ஓம், வல்லாஹி" என்று சத்தியமும் பண்ணினார்.

மீட்டர் கொழும்பிலிருந்து வந்தது. வட்டக் கண்ணாடி, மெல்லிய செம்புக் கம்பி போன்ற குழாய், அதன் நுனியில் விரல் பருமனில் ஒரு பித்தளைக் குமிழ். அந்தக் குமிழ் தண்ணீருக்குள் இருந்து சூட்டைப் பிடித்து முள்ளுக்குச் சொல்லுமாம். வாப்பாவோடு நானும் கார் திருத்தும் கராச்சுக்குப் போயிருந்தேன். அங்கே மெக்கானிக்கான கராச் பாஸ் எஞ்சின் தலையைத் தட்டிக் காட்டினார்.

"இதுல போட்டா உள்ளதச் சொல்லும். இல்லாட்டி மேல் பைப்புல போடலாம்."

வாப்பா குனிந்து நெடுநேரம் பார்த்தார். "கீழ்ப் பைப்புல போடுங்க பாஸ்."

"என்ன கத கதைக்கிறீங்க? அது றேடியேட்டரால ஆறி வாற தண்ணி. காய்ச்சக்காரன்ட உள்ளங்கால்ல கைய வெச்சுப் பாத்த மாதிரிப் போயிரும். முள்ளு எழும்பவே மாட்டாதே!"

"ஓம். அங்கதான் போடுங்க."

எனக்குத் தலை சுற்றியது. சூடு பார்க்கத்தானே மீட்டர்? ஆறின இடத்தில் வைத்து எதைப் பார்ப்பது? வரும் வழியில் கேட்டேன். "வாயப் பொத்திக்கிட்டு வா மகள்" என்றார் வாப்பா. என்னிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை.

உம்மாவுக்கு நோவு கண்டது ஒரு நடுப்பகல், ளுஹர் தொழுகை நேரம். என்னைக் கூட்டிப்போவதாக யாரும் நினைக்கவில்லை. நான் உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வீடே இடியும்படி கத்தியதால், பிய்த்தெடுக்க நேரமின்றி என்னையும் ஏற்றினார்கள். பின்சீட்டில் உம்மாவுக்கு ஒரு பக்கம் அவர் தங்கச்சி, என் சாச்சி, மறுபக்கம் நான். முன்னால் மாமா. அவர் றோட்டைப் பார்க்கவே இல்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

களுவாஞ்சிக்குடி தாண்டியதும் பொனட்டிலிருந்து புகை கிளம்பியது. மாமா புகையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மறுகா புகையைப் பார்த்தார்.

"மச்சான், புகையுதே!"

"முள்ளு எங்க நிக்கிது?"

"கீழதான் கிடக்கு."

"அப்ப என்ன பயம்?"

மாமா பாவம். புகை நம்முடைய ஊர்ப் புகை, மீட்டர் கொழும்பு மீட்டர். அவர் மீட்டரைத்தான் நம்பினார். இருந்தாலும் மனம் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பினார். "மகள், நீயும் கராச்சுக்குப் போனதானே? சரியாத்தான் பூட்டினானா?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து உம்மா என் விரல்களைப் பிடித்து நசுக்கினாரே ஒரு நசுக்கு! உயிர் போய் வந்தது.

"சரியாத்தான் பூட்டின காக்கா. கிறுக்கச் சொல்லிராதீங்க" என்றார் உம்மா.

வாப்பா கண்ணாடியில் பார்த்து, "நோவு எப்பிடி?" என்று கேட்டார்.

"பெரிசா ஒண்டுமில்ல. நீங்க றோட்டப் பாருங்க."

அதைச் சொல்லும்போதும் கை நசுங்கியது. பிறகும் நசுங்கியது. நான் என்ன குற்றம் செய்தேன் என்று எனக்கு விளங்கவே இல்லை. வாயைத் திறந்ததற்காகவா?

காத்தான்குடியில் பள்ளிவாசல் உண்டியலில் நேர்ச்சைக்காசு போடாமல் மாமா ஒருநாளும் தாண்டியதில்லை. அவர் கேட்காமலே வாப்பா காரை நிப்பாட்டினார். மாமா அந்தப்பக்கம் போக, வாப்பா இந்தப்பக்கம் பாய்ந்து, சாக்கை மடித்து மூடியைத் திறந்து, சீட்டுக்கடியில் ஒளித்திருந்த கேனிலிருந்து தண்ணீரை ஊற்றினார். மாமா துஆ ஓதித் திரும்பியபோது புகை நின்றிருந்தது. "பாத்தியா, நேர்ச்சட பறக்கத்த!" என்றார்.

தம்பி பிறந்தான். இரண்டு உயிரும் தப்பின. மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சின்னப்பிள்ளை போல அழுதார், பிறகு மீட்டரின் புகழைக் காண்பவர்களிடமெல்லாம் பாடினார். கொஞ்ச நாளில் வாப்பா குமிழை எஞ்சின் தலைக்கு மாற்றினார். முள் ஏன் இப்போது எழும்புகிறது என்று மாமா திகைத்தபோது, "காருக்கும் வயசு போகுதுதானே மச்சான்" என்றார்.

அது பிறகு நடந்தது. அன்று வராந்தாவில் மாமா அழுது முடித்ததும், வாப்பா வாங்குப் பலகையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மகள், நீ உம்மாட பக்கத்துலதானே இருந்த? வழியில உம்மாக்கு ரொம்ப நொந்ததா?"

வீங்கிய விரல்களைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். உம்மா என்னைத் தண்டித்தது தெரிந்தால் என்ன குற்றம் செய்தாய் என்று வாப்பாவும் கேட்பாரே.

"இல்ல வாப்பா. ஒண்டுமில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று வாப்பா பெருமூச்சு விட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல காலம், ஏச்சு வாங்காமல் தப்பினேன் என்று நானும் மூச்சு விட்டேன்.