அடியில் தங்கிய பச்சை

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்ததும் என் கணவர் செய்யும் முதல் வேலை, அதைத் தொடாமல் காத்திருப்பது. மண் படியும்வரை வாளியை அசைக்க விடமாட்டார். தெளிந்ததைக் குடத்தில் இறுத்துக்கொண்டு, வண்டலைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பி இங்கே கடை வைத்த பின்னும், தண்ணீர் விஷயத்தில், வறண்ட பரளச்சிக் கிராமத்தில் வளர்ந்த அந்த மனிதர் மாறவே இல்லை.

நான் கல்லூரியில் பாசி ஆராய்ச்சி செய்கிறேன். ஒற்றைச் செல் பாசி. அதற்குச் சாட்டை போன்ற இரண்டு கசையிழைகள். இழைக்குள்ளே டைனீன் என்ற இயக்குப் புரதம் இருந்து இழுக்க, இழை வளையும், பாசி நீந்தும். ஒருமுறை அவருக்கு நுண்ணோக்கியில் காட்டினேன். "ஏம்மா, கம்மாயில பயலுக கைய வீசி நீந்துற மாதிரியில்ல இருக்கு!" என்று மனிதர் இடத்தைவிட்டு நகரவே இல்லை.

என் ஆராய்ச்சி முழுக்க, அந்தப் புரதம் பழுதான ஒரு வகையைப் பற்றியது. நானே கண்டெடுத்தது, வேறெங்கும் கேட்டு வாங்க முடியாது. கல்லூரியில் இருந்ததில் பூஞ்சை விழுந்துவிட்டதால், மிஞ்சிய ஒரே குடுவையை வீட்டு ஜன்னலில் வைத்திருந்தேன். நீந்த முடியாததால் அது அடியில்தான் கிடக்கும். அவருக்கு அது தெரியாது.

ஒரு மாலை வீடு திரும்பியதும் நல்ல சேதி போலச் சொன்னார்: "ஒன் குடுவையில அழுக்கு படிஞ்சு கெடந்துச்சும்மா. நீந்துற பாசி மேலதான இருக்கும்? தெளிஞ்சத மட்டும் இறுத்து வச்சிருக்கேன். வண்டலச் செடிக்கு ஊத்திட்டேன்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு ஏது? முகம் சுண்டிப்போய் நின்றார்.

"குடுவையக் கழுவிட்டீங்களா மச்சான்?"

"எங்கிட்டுக் கழுவ? லாரி நாளைக்குத்தான வருது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த குடுவையின் அடியோரம் பச்சையாக ஓர் ஈரக்கறை. அதை ஒற்றியெடுத்துப் புதிய சத்துக் கரைசலில் விட்டேன். அது பச்சை பிடிக்கும்வரை, கடைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் அவர் ஜன்னலடியில்தான் நின்றார்.

பச்சை பிடித்ததும் அவரையும் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். நுண்ணோக்கியில் நான் பார்த்துவிட்டு அவருக்கு இடம் விட்டேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணுகூட அசையலையேம்மா. எல்லாம் செத்துப்போச்சு, என்னால."

"அசையக் கூடாது மச்சான். அதுதான் நம்ம பாசி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.