கயிறு கட்ட ஆளில்லாத கப்பல்: மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குக் காரில்

சிட்னிக்குக் காரில் போவது பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் பின்னூட்டம் போட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் அந்த வீதியை நான் முதலில் பார்த்தது 1975 மே மாதத்தில். அதைச் சொல்லாமல் எனக்குச் சிட்னிப் பயணம் எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் மெல்பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. என்னோடு வேலை செய்த ரோசா சிலி நாட்டுக்காரி. மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த ஜனாதிபதியை அவளுடைய நாட்டு ராணுவம் கவிழ்த்து ஒன்றரை வருடம் தாண்டியிருந்தது. அவளுடைய கணவர் மனுவேல் நெசவாலைத் தொழிலாளி. ராணுவம் வந்தபோது மற்றவர்களோடு ஆலைக்குள் நின்று கதவைப் பூட்டியவர். அன்றிலிருந்து சிறை. வேறொரு நாடு விசா கொடுத்தால் அவரை வெளியே அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். விசாப் படிவத்தில் அவருடைய கையெழுத்து வேண்டும். தபாலில் இரண்டு தடவை அனுப்பியது வந்து சேரவில்லை. மூன்றாவதை ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த ரோசாவின் மச்சான் கையோடு கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குள் அது சிட்னிக் குடிவரவு அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

கப்பல் வந்துவிட்டது. கரைக்குத்தான் வரவில்லை. அந்த ராணுவ அரசாங்கத்தின் கப்பல் எதையும் தொடமாட்டோம் என்று துறைமுகத் தொழிலாளர்கள் தடை போட்டிருந்தார்கள். கப்பலின் கயிற்றைக் கரையில் வாங்கிக் கட்ட ஆளில்லை, படகு விடவும் ஆளில்லை. கப்பல் சிட்னித் துறைமுகத்தின் நடுவில் நங்கூரம் போட்டு நின்றது. இந்தத் தடை வேண்டும் என்று மெல்பேர்ணில் சுலோக மட்டை பிடித்து ஊர்வலம் போனவர்களில் ரோசாவும் ஒருத்தி! தடையை உடைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை, தாளை விடவும் முடியவில்லை.

அவளைக் காரில் சிட்னிக்குக் கூட்டிப்போய்த் துறைமுகத் தொழிலாளர்களிடமே கேட்டுப் பார்ப்போம் என்று நான் முடிவு செய்தேன். என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "நீர் ஏன் உதுக்குள்ள தலையைப் போடுறீர்? நாங்கள் வந்தே ரெண்டு வருஷம் ஆகேல்லை."

"ஒரு தாள் வாங்கிறதுக்குப் பேர் அரசியலோ?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்தார். பிறகு, "போறதெண்டால் வெறுங்கையோட போகாதையும். கேட்கப் போற இடமெல்லே" என்றார்.

அதுவும் சரிதான் என்று அறுபது கடலை வடை சுட்டேன். அந்த வடை செய்த வேலையைப் பிறகு பாருங்கள்.

வியாழன் காலை 5.10க்குப் புறப்பட்டோம். வீதிப் பலகைகள் அப்போதுதான் கிலோமீற்றருக்கு மாறியிருந்தன. என் பழைய காரோ மைல்தான் காட்டும். மனக்கணக்குப் போட்டே களைத்துப் போனேன். சீமோர் பக்கம் எதிரே ராணுவ லொறிகள் நாலைந்து வந்தன. ரோசா இருக்கையில் சறுக்கிக் குனிந்துகொண்டாள். கடைசி லொறியில் இருந்த பொடியன் எனக்குக் கை காட்டினான். அதைச் சொன்னபோது அவள் நம்பவே இல்லை.

ஆல்பரி 9.45. மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' ஆளுக்கொன்று, முப்பத்தைந்து சதம். கண்டகாய் என்ற ஊர் ஒரு மணிக்கு. அந்த வழியில்தான் அவள் வாய் திறந்தாள். தெருவில் டாங்கிகள் நின்றதையும், சிறை வாசலில் பெண்கள் வரிசையாக நின்று புருஷன் பெயர் சொல்லிக் கேட்டதையும் சொன்னாள். "உள்ளே இல்லை என்பார்கள். ஆனால் உடுப்பை வாங்கிக்கொள்வார்கள். வாங்கினால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்." அதைக் கேட்டபின் எனக்கு வீதி சரியாகத் தெரியவில்லை. காரை ஓரம் கட்டி இரண்டு பேரும் அழுதோம். கோல்பேர்ண் 3.40, சிட்னி 6.50. மொத்தம் 547 மைல். பெற்றோலுக்குப் பதினாறு டொலர் நாற்பது சதம், மோட்டல் ஒன்பது டொலர்.

வெள்ளி காலை ஏழரைக்கு வேலையை நிறுத்திவிட்டுக் கூட்டம் என்று துறைமுகத் தொழிற்சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். தகரக் கொட்டகைக்குள் இருநூறு பேர் இருக்கும். சங்கச் செயலாளர் கெவின் என்பவர், கதவளவு மனிதர். நான் நேரே போய் வடைப் பெட்டியை நீட்டினேன். மனிதர் இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இது என்ன?"

"சாப்பாடு. உங்களுக்கு."

"வாக்கெடுப்புக்கு முன்னாலயா? இதைக் கொண்டுபோய்க் காருக்குள்ள வையுங்கோ, அம்மா." அவர் சொன்னது ஆங்கிலத்தில். கேட்டது எனக்கு இப்படித்தான். எங்களூரில் அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குப் போனால் வாழைப்பழச் சீப்பாவது கொண்டுபோவோம். இங்கே அதற்குப் பெயர் லஞ்சம். ரோசா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கெவின் மேடையில் ஏறி முதலில் அதைத்தான் சொன்னார். "இந்த அம்மா சாப்பாடு கொண்டு வந்தவா. நான் வாங்கேல்லை. இப்ப மற்றவா கதைப்பா." கொட்டகை சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

ரோசாவின் ஆங்கிலம் நொண்டும். இருந்தும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "தடையை எடுக்க வேண்டாம். கப்பல் அங்கேயே நிற்கட்டும். எனக்கு ஒரு தாள் மட்டும் வேண்டும்."

பின்வரிசையில் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் எழும்பினார். "இண்டைக்கு ஒரு தாள். நாளைக்கு ஒரு பெட்டி. அப்ப தடை என்னத்துக்கு?" அவர் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. ரோசா முன்னுக்கு வந்தாள். மனுவேல் ஆலைக் கதவடியில் நிற்கும் சின்னப் படம் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து முன்வரிசையிடம் கொடுத்தாள். அது கை மாறிக் கை மாறிப் பின்னுக்குப் போனது. அதே வழியாகத் திரும்பி ரோசாவிடம் வந்தது.

பிறகு கைகள் உயர்ந்தன. தொப்பிக்காரர் உயர்த்தவில்லை. அவரோடு இன்னும் ஏழெட்டுப் பேர். மற்ற எல்லோரும் உயர்த்தினார்கள். ஒரு படகு, ஒரு தாள், வேறொன்றும் ஏற்றுவதில்லை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். 11.20க்குத் தாள் ரோசாவின் கையில். 12.05க்கு அலுவலகத்தில் முத்திரை. வடையைப் பிறகுதான் காரிலிருந்து எடுத்தார்கள். தொப்பிக்காரர் நாலு தின்றுவிட்டு உறைப்புக் கூட என்று குறை சொன்னார்.

ஓகஸ்டில் மனுவேல் மெல்பேர்ண் விமான நிலையத்தில் இறங்கினார். இரண்டு கிழமை கழித்து, அந்த மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்றார். மூவருமாக மறுபடி புறப்பட்டோம்.

இனி, கேட்ட தகவல்கள். இன்று நான் இருக்கும் மெல்பேர்ண் புறநகர் ரோவிலிலிருந்து ஏறக்குறைய 880 கிலோமீற்றர், முழுக்க அகல வீதி. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மூன்று இடத்தில் நின்றால் பத்தரை மணித்தியாலம் போதும். பெற்றோலை ஆல்பரியில் அடியுங்கள். பின்னேரம் கங்காரு குறுக்கே வரும், இருட்ட முன் போய்ச் சேருங்கள். ஆனால் பூட்டிய இடத்திலிருந்து புதிதாக வெளியே வந்த ஒருவர் உங்களோடு வந்தால் இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். மனுவேல் ஒவ்வொரு ஊரிலும் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி, தெரு முடியும்வரை தனியே நடந்து போய், ஒருவரும் மறிக்கவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ரோசா ஒரு தடவைகூட அவரை அவசரப்படுத்தவில்லை.