இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்து வந்தவர்

பஸ் ஓட்டுவது அவளுக்குப் பிழைப்பு, கால்பந்து பைத்தியம். வாரநாட்களில் பெயின்ட் தொழிற்சாலையின் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவாள். சனிக்கிழமையானால் அதே பஸ்ஸில் ஊர் அணியின் ரசிகர்களை வெளியூர் ஆட்டங்களுக்குக் கூட்டிப் போவாள். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் டர்பன்டைன் வாசனை சீட்டை விட்டுப் போகாது. ரசிகர்களுக்கு அது பழகிவிட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறினால்தான் ஆட்டம் பார்க்கப் போகிற மாதிரியே இருக்கிறது என்பார்கள். வயதில் மூத்தவர்கள்கூட அவளை ஸ்டியரிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவன் அவளுடைய அண்ணன், குழாய் வேலை செய்பவன். சின்ன வயதில் அவளைத் தோளில் உட்கார வைத்து மைதானத்துக்குத் தூக்கிப் போனவன். இப்போது ரசிகர் மன்றத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். அவள் வீட்டுக்காரர் தையற்காரர். அவருக்குப் பந்து உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. "அது உள்ள போனா உனக்கென்ன, வெளிய போனா உனக்கென்ன?" என்று ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்பார். அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்தப் பயிற்சியாளர் வந்த வருஷம் அணி நன்றாகத்தான் ஆடியது. பாதி சீசன் வரை பட்டியலின் மேல்வரிசையில் இருந்தது. அப்போதுதான் ஒரு மழை நாளில், வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் வழியில், அணியின் சொகுசு பஸ் நெடுஞ்சாலையில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுபோனது. பின்னால் வந்த அவள் ரசிகர் பஸ்ஸை ஓரங்கட்டினாள். வீரர்கள் மழையில் பையும் கையுமாக நின்றிருந்தார்கள். வேறு வண்டி வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். பயிற்சியாளர் அவள் ஜன்னலருகே வந்து, "அக்கா, எங்கள எப்படியாவது கொண்டுபோய்ச் சேத்துடுங்க" என்றார்.

அவள் திரும்பிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அண்ணன் எழுந்து, "இறங்குங்கப்பா எல்லாரும்" என்றான். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. இறங்கிப்போய் மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கின் கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டு, கையசைத்து அணியை வழியனுப்பினார்கள்.

உதவியாளர்களும் மருத்துவரும் மூட்டை முடிச்சுகளும் சேர்ந்ததில் சீட் போதவில்லை. பயிற்சியாளர் அவள் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். முதலில் மழையைப் பற்றி, பிறகு குரலைத் தாழ்த்தி வேறு சங்கதி.

"தூக்கமே இல்லக்கா. கேப்டன மாத்தினது என் தப்பு. யார் சொல்லியும் கேக்கல, வீம்புக்குப் பண்ணிட்டேன். பசங்களுக்கு என் மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சு. இன்னும் வெளிய தெரியல, அவ்வளவுதான். தெரியறப்போ எல்லாம் கைமீறிப் போயிருக்கும்."

"மறுபடி பழையவரையே கேப்டனாக்கிடுங்களேன்" என்றாள் அவள்.

"அதுக்கு ஒரு தைரியம் வேணும்க்கா" என்று அவர் சிரித்தார். அவள் அவரைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய மனுஷன் டிரைவரிடம் வந்து மனசைத் திறக்கிறார் என்றால் உள்ளே எவ்வளவு அடைத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நடுவில் பின்சீட்டு வீரன் ஒருவன் வாந்தி எடுத்தான். அவர்களை இறக்கிவிட்டு அவளே கழுவினாள். பிறகு திரும்பிப்போய் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது இடைவேளை. கடைசி நிமிஷத்தில் கோல் வாங்கி அணி தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்ம அணி நம்ம பஸ்ஸில் போச்சு என்ற பேச்சே ஊரில் வாரக்கணக்கில் ஓடியது.

அதற்குப் பிறகு எல்லாம் சரிவுதான். சொந்த மைதானத்திலும் தோற்றது, வெளியிலும் தோற்றது. ரசிகர் மன்றத்தில் பயிற்சியாளரை நீக்கச் சொல்லித் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவன் அண்ணன். அவள் ஒருத்திதான் எழுந்து நின்று எதிர்த்தாள்.

"கஷ்டத்துல இருக்கற மனுஷன இன்னும் மிதிக்கணுமா?"

"உனக்கென்ன அவன் மேல அவ்வளவு கரிசனம்? அன்னைக்கு வண்டியில அப்படி என்னதான் சொன்னான்?"

அவள் வாயைத் திறக்கவில்லை. நம்பிச் சொன்னதை நாலு பேர் நடுவில் போட்டு உடைப்பது அவளால் ஆகாது. அடுத்த பயணத்தில் அவரைக் கேவலமாகத் திட்டும் ஒரு பாட்டைப் பின்சீட்டில் ஆரம்பித்தார்கள். அவள் நெடுஞ்சாலை ஓரத்தில் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்தாள். "பாடணும்னா கீழ இறங்கிப் பாடுங்க. இது என் வண்டி." பாட்டு நின்றது. அதோடு அண்ணன் அவளிடம் பேசுவதும் நின்றது. தங்கை வீட்டுக் குழாய் ஒழுகியபோது வேறு ஆளை அனுப்பி வைத்தான், தான் வரவில்லை.

சீசன் முடிவில் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. பயிற்சியாளரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அன்று மைதானத்து வாசலில் அவருடைய கார் வெளியே வந்தபோது கூச்சல் போட்ட கூட்டத்துக்கு நடுவே கைதட்டியவள் அவள் ஒருத்தி. கண்ணாடி இறங்கவில்லை. பாவம், என்ன மனநிலையோ என்று நினைத்துக்கொண்டாள்.

புது சீசனின் முதல் வெளியூர்ப் பயணம். காலை வெயிலில் பஸ் நிறைந்திருந்தது. வெல்டிங் பட்டறைக்காரன் ஒருவன் உண்டு. வாயில் இரண்டு விரலை வைத்து ஊதினால் மைதானமே திரும்பும், அதனால் அவன் பெயர் விசில். அவன்தான் முன்னால் வந்து, "அக்கா, ரேடியோவுல நம்ம பழைய கோச் பேசறாராம், கொஞ்சம் சத்தமா வைங்க" என்றான். ஏன் தோற்றோம் என்று அவரே சொல்லப் போகிறாராம். அவளே கையை நீட்டி ஒலியைக் கூட்டினாள். இன்றைக்காவது இவர்களுக்குப் புரியட்டும், தப்பை ஒத்துக்கொள்ளத் தெரிந்த மனுஷன் என்று.

நிர்வாகம் சரியில்லை என்றார். வீரர்களை வாங்கியதில் குளறுபடி என்றார். பின்னால் இருந்தவர்கள் ஆமாம் போட்டும் முனகியும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். எந்த இடத்தில் சறுக்கியது என்று பேட்டி எடுத்தவர் கேட்டார்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு மழை நாள். எங்க பஸ் ரிப்பேர். ரசிகர்களோட ஒரு டப்பா வண்டியில எங்கள ஏத்திவிட்டாங்க. ஒரே பெயின்ட் நாத்தம். பசங்க வாந்தி எடுத்தாங்க. ஓட்டினது ஒரு பொம்பள டிரைவர். வழியெல்லாம் தொணதொணன்னு அணிய பத்தி எனக்கே பாடம். பசங்களோட கவனமே சிதறிப் போச்சு. அந்தப் பயணத்துலதான் எங்க சீசன் செத்துச்சு. அந்த ஊர்ல எல்லாமே அப்படித்தான்."

பேட்டி எடுத்தவர் சிரித்தார். அவரும் கூடச் சிரித்தார்.

பஸ்ஸுக்குள் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அவள் முன்னால் லாரிகளும் கார்களும் போய்க்கொண்டிருந்தன. நிறுத்தவும் முடியாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது. காது மடல் இரண்டும் சுட்டன. பின்னால் இத்தனை பேரின் பார்வையும் தன் பின்னந்தலையில் வந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. கியரை மாற்றினாள். விசில் எட்டி ரேடியோவை அணைத்தான்.

அதன் பிறகுதான் வாய்கள் திறந்தன. நனைஞ்சுகிட்டு நின்னது நாம, சீசன் செத்தது நம்மாலயா என்றார் ஒருவர். நிர்வாகத்தைப் பற்றிச் சொன்னது சரிதானே என்றார் இன்னொருவர். வண்டி நாறினது உண்மைதானேப்பா என்று ஒருவன் சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. கேப்டனை மாற்றியதைப் பற்றி மூச்சே விடவில்லை பாத்தியா என்று வயதான ஒருவர் கேட்டபோது அவள் தேவையில்லாமல் ஹாரனை ஒரு தரம் அடித்தாள்.

சாலையோரக் கடையில் தேநீருக்கு நிறுத்தியதும் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீங்க சொல்லுங்கக்கா. நீங்களா பேசினீங்க?" என்றான் விசில்.

"இல்ல. அவருதான் பேசினாரு."

"என்ன பேசினாரு?"

ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் அந்த மனுஷனை இந்த ஊர் காலத்துக்கும் விடாது. நாக்கு நுனி வரை வந்தது. கூட்டத்துக்குப் பின்னால் அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றான்.

"குளிருதுன்னாரு" என்றாள்.

கூட்டம் சிரித்துக் கலைந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. மாதங்கள் கழித்து அவளிடம் முதல் முறையாக வாயைத் திறந்து, "டீ ஆறுது, குடி" என்றான். நான் அப்பவே சொன்னேனே என்று குத்திக்காட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் அதைச் சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது முன்சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

அவர் மறந்துவிட்டார் என்று சொல்லித்தான் அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். பெரிய ஆட்கள், தினம் எத்தனை பேரைப் பார்க்கிறார்கள், எது யாரிடம் சொன்னது என்று எங்கே நினைவிருக்கும். ஆனாலும் பஸ்ஸைக் கழுவும்போது முன்னைவிட நிறைய சோப்பு போட்டாள். ஏறுகிறவர்கள் மூக்கைச் சுருக்குகிறார்களா என்று கண்ணாடியில் பார்க்கும் பழக்கம் வந்தது. நாற்றம் என்ற சொல் அவளை விட்டுப் போகவில்லை.

சீசனின் நடுவில் ஒரு வெளியூர் மைதானத்தில், ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பார்த்தாள். தொலைக்காட்சிக்கு வர்ணனை செய்ய வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, நல்ல கோட்டு. அவளைப் பார்த்ததும் நேராக அவளிடம் வந்தார்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? அந்தப் பேட்டிய மனசுல வச்சுக்காதீங்க. ரேடியோவுக்குக் கொஞ்சம் சுவாரசியமா சொல்ல வேண்டியிருந்துச்சு. சும்மா ஒரு வேடிக்கைக்கு, அவ்வளவுதான்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அன்று இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்து பேசிய அதே குரல்.

"அந்தக் கேப்டன் விஷயம்... யார்கிட்டயும் சொல்லலல்ல? இப்போ ஒரு புது கிளப்போட பேசிட்டிருக்கேன். அதான்."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வார்த்தைகூட அவர் மறக்கவில்லை. எல்லாம் நினைவில் இருந்துதான் ரேடியோவில் அப்படிப் பேசியிருக்கிறார். அவள் சொல்லிவிட்டால் யாரும் நம்பக்கூடாது என்று முந்திக்கொண்டு அவளை வாயாடி ஆக்கியிருக்கிறார். மறந்துவிட்டார் என்று இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த கொம்பும் முறிந்து கையோடு வந்துவிட்டது.

"சொல்லல" என்றாள். "சொல்லவும் மாட்டேன். ஆனா அது உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க."

"பெரிய மனசுக்கா உங்களுக்கு."

"அக்கான்னு கூப்பிட வேணாம். பொம்பள டிரைவர்னே சொல்லுங்க. அதுல தப்பில்ல, நான் அதுதான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார். அவள் ஆட்டம் பார்க்க உள்ளே போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, வாசல்வரை வந்துவிட்டு, ஓட்டுநர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். மைதானத்துக்குள்ளிருந்து வந்த இரைச்சலை வைத்து அணி ஜெயித்ததா தோற்றதா என்று கண்டுபிடிக்கக்கூட மெனக்கெடவில்லை. திரும்பி வந்து ஏறியவர்கள் பாடியதில்தான் ஜெயித்தது தெரிந்தது.

மறுநாள் வீட்டுக்காரர் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள், கேப்டன் விஷயத்தைத் தவிர. அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே சனிக்கிழமை வண்டி எடுக்க மாட்டியா?"

"ஏன் எடுக்காம? அவரு என்ன எங்க அணியா?"

"அப்போ ஏன் அழுவுற?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சட்டையை மடித்து வைத்தார். பிறகு கந்தல் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு, "வா, வண்டிய நான் துடைக்கறேன், நீ தண்ணி ஊத்து" என்று அவளுக்கு முன்னால் வாசலுக்கு இறங்கினார்.