கோமதி கேட்ட மூன்று கேள்விகள்

நான் அப்போதே சொன்னேன். எங்கள் கோமதி இருக்கும்வரை அவர் பார்க்கும் வேலை என்னவென்று ஒருவருக்கும் விளங்காது, இல்லாமல் போகும் நாளில் பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள் என்று பத்து வருடத்துக்கு முன்பே சொன்னவன் நான். போன செவ்வாய்க்கிழமை அப்படியே நடந்தது.

காலை பதினொரு மணி. பட்டறையில் ஒரு கிரைண்டரைக் கழற்றிப் போட்டிருந்தேன். கோமதியின் கணவர் லோகநாதன் அழைத்தார். "மாமா, ஆபீஸ்ல மேசை மேலயே சாஞ்சுபோட்டாளுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க." கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கோமதி என் அக்காள் மகள். வயது நாற்பத்து நான்கு. வா கண்ணு, போ அம்மணி என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் இது. ஆனாலும் நாலு பேர் படிக்கிற எழுத்தில் 'அவர்' என்றுதான் எழுதுவேன். அந்த மரியாதையைச் சம்பாதித்தவர். இறப்பதற்கு முந்தின நாள் மாலைகூட எனக்குப் போன் செய்து கால் மணி நேரம் பேசினார். "நீங்க சொன்னதெல்லாம் நடந்துச்சுங்க மாமா. உங்களாலதானுங்க நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்" என்றார். எங்கள் கடைசிப் பேச்சு அது.

முதலில் ஒரு பம்ப் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்த்தார். அங்கே ஆள் குறைத்தபோது, பட்டறைக்காரர்களுக்கு விளம்பரம் செய்து கொடுக்க, மேட்டுப்பாளையம் ரோட்டில் பேக்கரிக்கு மேலே ஒரே ஒரு அறை பிடித்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, நாற்காலி இரண்டு. போஸ்டர் செய்ய, எந்த ஊரில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்க்க, வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்க, எல்லாவற்றுக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற தளங்கள்தான். "ஏன் கண்ணு, ஓசியில கெடைக்கறது ஒழுங்கா வேல செய்யுமா?" என்று கேட்டேன். "ஓசிங்கறதால யாரும் முழுசா ஓட்டிப் பாக்கறதில்லீங்க மாமா. நம்ம பட்டறைக்காரங்களுக்கு அது போதுமுங்க" என்றார். நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கே அது புரிந்தது என்றால் பாருங்கள்.

கோமதி வேலை தொடங்கும் முன்பே, என் பட்டறையை இணைய வரைபடத்தில் நானே பதிந்திருந்தேன். இந்த வட்டாரத்திலேயே முதலில் பதிந்தவன் நான்தான். பதிந்தது எங்கே என்றால், உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு. 'இப்போது இருக்கும் இடமா?' என்று போன் கேட்டது. ஆமாம் என்று அமுக்கிவிட்டேன். ஆறு மாதம் எனக்கு வியாபாரமே இல்லை. ஒருநாள் கோமதி போன் செய்தார்.

"மாமா, உடுமலை மண்டபத்து வாசல்ல எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தர் ரிப்பேருக்குக் கிரைண்டரோட நிக்கறாருங்க, இப்பத்தான் போன் பண்ணுனாரு. உள்ள பந்தி போட்டிருக்காங்களாமா, சாப்பிட்டுட்டுப் போங்கன்னு கூப்படறாங்களாமா. உங்க பட்டறை எப்பங்க மண்டபமாச்சு?"

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. அன்று மாலையே பட்டறைக்கு வந்து, வாசலில் நின்று, இடத்தை மாற்றிப் பதிந்துவிட்டுத்தான் டீ குடித்தார்.

அடுத்தது போஸ்டர். 'நாற்பது நாடுகளில் விற்பனை' என்று போடச் சொன்னேன்.

"எந்த நாப்பது நாடுங்க மாமா? பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"சிங்கப்பூரு..."

"ஒன்னாச்சுங்க. அப்புறம்?"

"நம்ம பங்காளி மருமக எடுத்துட்டுப் போனாளே அம்மணி, அதான் சிங்கப்பூரு."

மீதி முப்பத்தொன்பதுக்கு அவர் காத்திருந்தார். பிறகு அவரே எழுதினார்: 'சிங்கப்பூரில் ஒரு வீட்டில் எங்கள் கிரைண்டர் மாவரைக்கிறது.' அவ்வளவுதான் வாசகம். ஈரோட்டிலிருந்தெல்லாம் அழைத்து, அந்த ஒரு வீட்டைப் பற்றி விசாரித்தார்கள். "பொய்ய யாருங்க மாமா விசாரிப்பாங்க?" என்றார் கோமதி.

வேலை முடிந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் அனுப்புவார். அதுவும் இலவசத் தளத்தில் செய்ததுதான். மூன்றே கேள்விகள். எங்களிடம் பிடித்தது எது? பிடிக்காதது எது? நாங்கள் சொன்னதில் நிஜமில்லாதது ஏதாவது உண்டா? எல்லாரும் நிரப்பினார்கள். தாய்மாமனுக்கு எதற்குப் படிவம் என்று நான் மட்டும் விட்டுவிட்டேன். கேட்டால், "போட்டுட்டேன் கண்ணு" என்பேன்.

"வந்த பதிலெல்லாம் இங்க வரிசையா நிக்குதுங்க மாமா. உங்க பேரக் காணமுங்க."

"அப்ப உன்ற கம்ப்யூட்டர் தின்னுபோட்டிருக்கும்."

"சரிங்க மாமா, அதுக்குப் பசி போல" என்று விட்டுவிடுவார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அனுப்புவார்.

நேற்று பட்டறையைத் திறந்து உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பினேன். பிடித்தது எது என்ற இடத்தில் எழுதிக்கொண்டே போனேன், கண் மறைத்தது. பிடிக்காதது என்ற இடத்தில், இத்தனை அவசரமாகப் போனது என்று எழுதினேன். மூன்றாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. கோமதி சொன்னதில் நிஜமில்லாதது ஒன்றுகூட இல்லை. நான் சொன்னதில் உண்டு. மேலே எழுதியிருக்கிற அந்தக் கால் மணி நேரப் பேச்சு நடக்கவேயில்லை. இழவு வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, இங்கேயும் எழுதிவிட்டேன். அன்று மாலை கோமதி இரண்டு முறை அழைத்தது நிஜம். டீக்கடையில் நாலு பேரிடம் அவரைப் பற்றித்தான் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். படிவத்தைத்தான் கேட்பார் என்று நினைத்து எடுக்கவில்லை. எதற்கு அழைத்தார் என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை.

இதையெல்லாம் மூன்றாவது கேள்விக்குக் கீழே எழுதி அனுப்பினேன். உடனே திரையில் கோமதியின் எழுத்து வந்து நின்றது. படிவத்தை நிரப்புகிற எல்லாருக்கும் தானாக வருவதற்காக அவர் என்றோ எழுதி வைத்தது. நிரப்பாத நான் மட்டும்தான் அதைப் பார்த்ததில்லை.

'பதில் வந்துருச்சுங்க. ரொம்ப நன்றிங்க. படிச்சுப்போட்டு நானே கூப்படறேனுங்க.'

போய் வா கண்ணு. போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.