இடம் மாறிய நகர மண்டபம்

என் தாய்மாமா ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் நான் வாங்கியபோது, பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டு ஸ்டாம்ப் செய்து தந்தவர். பழைய நகர மண்டபக் கோபுரத்துக்கு இடப்பக்க அறை அவர் கடை. வலப்பக்க அறை தையல்கார அக்காவின் கடை.

மண்டபத்தைப் பழையபடி சீரமைக்கப் பொறியாளர் வந்தார். ஆதியில் ஓர் அறைதான் இருந்ததாம். பின்னாளில் ஒட்டிய அறையை இடிக்க வேண்டும். எது என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி, அந்தக் காலத்தில் கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்த ஒரு படம். அதில் அறை இடப்பக்கம் இருந்தது.

“நீ பொழச்ச, தம்பி. நான்தான் மூட்டை கட்டணும்,” என்றார் அக்கா மாமாவிடம்.

மாமா படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “ஏன் சார், இந்தத் தெருவுல எல்லாருமே இடது கைக்காரங்களா? காவலாளி இடது கையால சலாம் வைக்கிறான். கத்தி வலது இடுப்புல தொங்குது.”

“படம் திரும்பியிருக்கும்னு சொல்றீங்களா? வாசல் மேல எழுத்து நேராத்தானே இருக்கு?”

“அங்கதான் சார் விஷயமே! கல்லுல வரையறது தாள்ல இடம் வலமா மாறித்தான் விழும், என் ஸ்டாம்ப் மாதிரி. எழுத்தை ஞாபகமாத் திருப்பி எழுதினவன், கட்டடத்தைத் திருப்ப மறந்துட்டான். செருப்புக்கடை ஸ்டாம்ப்ல நானும் இதே தப்பு பண்ணேன். வலது செருப்பு இடது செருப்பா விழுந்துச்சு. முதலாளி அதாலயே அடிக்க வந்தாரு!”

பொறியாளர் கைபேசியில் படத்தைத் திருப்பினார். காவலாளி வலது கையால் சலாம் வைத்தான். அறை வலப்பக்கம் போய் நின்றது.

மாமா கைதட்டிச் சிரித்தார். அக்காதான் தலையில் கைவைத்தார். “அடப்பாவி! உன் கடையை இடிக்க நீயே கடப்பாரை எடுத்துக் குடுக்கறியே!”

அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. முகம் சுண்டிப்போனது.

“கோபுரச் சுவரையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்,” என்றார் பொறியாளர். மாமா தாமே தன் கடையில் கோபுரச் சுவரை மறைத்திருந்த அலமாரியை நகர்த்தினார். காரை பெயர்ந்த இடத்தில், செங்கல் வைத்து அடைத்த ஜன்னல். ஒரு காலத்தில் அது வெளிச்சுவர்; மாமாவின் அறைதான் பின்னாளில் ஒட்டியது.

இடிக்க ஆள் வந்த அன்று, அக்கா தன் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி மாமாவின் மேசைக்கு இடம் விட்டார்.

“உக்காரு. ஆனா எதையும் உத்துப் பாக்காத. இந்த அறையாவது மிஞ்சட்டும்.”