பின்னறைக்கு இழுத்த வயர்

என் மனைவியின் அறைக்கு வைஃபை ஒழுங்காக எட்டுவதில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது எங்கள் வீடு. அகலம் குறைந்து நீளம் கூடிய பழைய கட்டடம். ஒளியிழை இணைப்பு முன்மண்டபத்தில் வந்து முடிகிறது. அவள் நோயில் கிடந்த அறையோ ஆகப் பின்னால், சமையலறையை ஒட்டி. இடையில் நான்கு தடித்த சுவர்கள்.

அவள் போய் ஏழு மாதங்கள் ஆகின்றன. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஒரே மகள் காலையில் வேலைக்குப் புறப்படுமுன் காணொளியில் அழைப்பாள். இங்கே அப்போது மாலை ஐந்து மணி இருக்கும். அந்த அழைப்பை அம்மாவின் அறையிலிருந்தே எடுக்கும்படி மகள் கேட்டிருந்தாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்காக மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் தொகுதியொன்றை வாங்கி முன்மண்டபத்தில் ஒன்று, நடு அறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று என வைத்தேன். அவை தமக்குள் காற்றுவழியே செய்தி கடத்துபவை. நீர்ப்பாசனப் பொறியியலாளனாகக் கால்வாய்களைக் கணக்கிட்டே உத்தியோக காலத்தைக் கழித்த எனக்கு அதன் குறை விளங்கச் சிரமமிருக்கவில்லை. ஒரே வாய்க்காலால் நீரை வாங்கவும் விடவும் வேண்டியிருந்தால் கடைசி வயலுக்கு எவ்வளவு போய்ச் சேரும்? மகளின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றுவிடும்.

"அப்பா, கேக்குதே?"

"ஓம், கேக்குது. உனக்கு?"

"இப்ப கேக்குது."

எங்கள் உரையாடலில் பாதி இதுவாகவே இருந்தது. அதைக் குறைசொல்லிக்கொண்டேன். ஆயினும் உள்ளூர ஓர் ஆறுதலும் இருந்ததை மறைப்பதற்கில்லை. அதற்கு அப்பால் மகளோடு எதைக் கதைப்பதென்று எனக்குத் தெரியாது. கதைப்பது எப்போதும் அவளுடைய தாயின் வேலையாக இருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தொழில்நுட்பர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"டச்சுக்காரன் கட்டின வீடா சேர்? கோட்டைச் செவர் மாதிரி இருக்கு. காத்துல வேலைக்காகாது. முன்பெட்டியிலருந்து பின்பெட்டிக்கு நேரா வயர் இழுக்கணும். பெட்டிக்குப் பெட்டி போற லைன், பேக்ஹோல்ம்பாங்க, அது வயர்ல போனாத்தான் படம் உடையாம வரும்."

"சுவரை உடைக்க வேணுமோ?"

"பழைய டெலிபோன் பைப் ஏதாச்சும் உள்ள போகுதா?"

போகிறது என்றேன். நான் பதிக்கவைத்த குழாய்தான் அது. மகள் புலம்பெயர்ந்த ஆண்டில், பின்னறைக்கும் ஒரு தொலைபேசி வேண்டுமென்று மனைவி கேட்டாள். மேசனுக்கு அருகில் இரண்டு நாட்கள் நின்று, எந்த மூலையிலும் குழாய் முறுகாமல் அகன்று வளையும்படி வைப்பித்தேன். அவள் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு டெலிபோன் வயருக்கு நிக்கிற நிலையைப் பாருங்கோ. மகாவலி ஆத்தையே திருப்புறார்."

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அழைப்பாள். மனைவி பின்னறையில் எடுப்பாள். நான் மண்டபத்தில் எடுப்பேன். "சுகமா இருக்கிறியே?" என்று கேட்டுவிட்டு, "சரி, அம்மாவோட கதை" என்பேன். பிறகு ஒலிவாங்கியைக் கையால் பொத்தி, காதில் வைத்தபடியே இருப்பேன். அவர்கள் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். மகளின் சமையல், முழங்கால் வலி, அலுவலகத்துக்கு அவள் நடந்து கடக்கும் பாலம், அதன் கீழே ஓடும் ஆற்றின் அகலம். நான் மூச்சுச் சத்தம் வராமல் கேட்டுக்கொண்டிருப்பேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் மகளை நான் அறிந்தது அப்படித்தான். அவ்விருவரில் எவருக்கும் அது தெரியாதென்று நம்பியிருந்தேன்.

"அப்போ லேசு சேர்," என்றார் தொழில்நுட்பர். "பழைய வயரோட நுனியில புது கேபிளைக் கட்டிவிட்டா, நான் மண்டபத்துலருந்து இழுக்க அது உள்ளால வந்துரும். பழசு கழன்டுரும். பரவாயில்லையா?"

ஒளியிழை வந்ததோடு அந்த இணைப்பு செத்துவிட்டது. பரவாயில்லை என்றேன்.

நீலக் கேபிளின் நுனியைப் பின்னறையில் கட்டிவிட்டு அவர் மண்டபத்துக்குப் போனார். கேபிள் சிக்காமல் குழாய்க்குள் விட்டுக்கொடுப்பது என் பொறுப்பு. கட்டிலருகே முழங்காலிட்டேன்.

"இழுக்கிறேன் சேர்!"

கையிலிருந்த கேபிள் ஒரு முறை துடித்தது. பிறகு சீராக நகர்ந்தது. அந்த அறையில் ஏழு மாதங்களாக நான் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. இப்போது மறுமுனையிலிருந்து ஒருவர் இழுத்தார். நான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"யார் சேர் இந்தப் பைப் போட்டது?" மண்டபத்திலிருந்து குரல் வந்தது. "ஒரு எடத்துலயும் பிடிக்கல்ல. வழுக்கிக்கிட்டு வருது!"

மகாவலியைத் திருப்பியவர் என்று சொல்ல அவள் அங்கே இல்லை.

மறுநாள் மாலை மகளின் முகம் ஒரு கீறலும் இன்றி வந்தது. காதோரம் நரைத்திருப்பதை அன்றுதான் கண்டேன். "நல்லாத் தெரியுது," என்றேன். "எனக்கும்," என்றாள். 'கேக்குதே' என்று கேட்க இனித் தேவையிருக்கவில்லை. அவள் என் தோளுக்கு மேலாகக் கட்டிலைப் பார்த்தாள். நான் என் கைகளைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில், வேலைக்கு நேரமாகிறதென்று வைத்துவிட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் அழைக்கவில்லை. இப்படியே போனால் ஞாயிறுக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என அது ஓயும் என்பது எனக்குத் தெளிவாக விளங்கியது.

நான்காம் நாள் அழைத்தாள். ஐப்பசி மாத மாலை. கடற்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை கதைப்பதற்குள் இடி விழுந்து யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அப்பா, வயரைக் கழட்டுங்கோ."

அது அவளுடைய தாயின் சட்டம். முதல் மின்னலுக்கே சுவரிலிருந்து தொலைபேசி வயரைக் கழற்றிவிட வேண்டும். அதனால் தடைப்பட்ட அழைப்புகள் எத்தனையோ. ஒளியிழை மின்னலைக் கடத்தாது, அந்த நீலக் கேபிளைக் கழற்றுவதால் காப்பதும் சொற்பம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

"கழட்டினா உன்ர முகம் உடைஞ்சுபோகும்," என்றேன்.

"உடையட்டும். குரல் வரும்தானே."

கழற்றினேன். பெட்டி மீண்டும் காற்றுவழிக்கு மாறியது. படம் நின்றது. சில கணங்களின் பின் குரல் மட்டும் வந்தது.

"அப்பா, கேக்குதே?"

"ஓம், கேக்குது." அவள் என்னைப் பார்க்க முடியாது என்ற நிச்சயத்தில் மேலும் சொன்னேன். "முந்தி நீங்கள் கதைக்கேக்க நான் முன்போனிலை கேட்டுக்கொண்டிருக்கிறனான்."

"தெரியும்."

"எப்பிடி?"

"ரெண்டாம் போன் எடுத்தா சத்தம் குறையுமெல்லே. இஞ்சினியருக்கு இது தெரியாதே? அம்மா முதல் கிழமையே கண்டுபிடிச்சிட்டா." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று குரலில் தெரியவில்லை. "நான் எந்தப் பாலத்தாலை போறன், ஆறு எவ்வளவு அகலம், தூண் எத்தினை எண்டு அம்மாவுக்கு எதுக்கப்பா? எல்லாம் உங்களுக்காகத்தான் கேட்டவ."

மழை ஓட்டில் இறங்கிவிட்டது. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். கேபிளின் நுனி இன்னும் கையில் இருந்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று என் முறைக்கு வந்திருந்தது. அதைக் கேட்டுத் தருவதற்கு மற்றத் தொலைபேசியில் எவரும் இல்லை.

"இப்ப அந்த ஆத்திலை தண்ணி எவ்வளவு நிக்குது?"

அங்கே கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. பிறகு வீதியின் இரைச்சல்.

"பாத்துத்தான் சொல்லோணும். பாலத்துக்குப் பத்து நிமிச நடை. லைனிலை நிப்பியளே?"

"நிக்கிறன்," என்றேன். "நீ நட."