நான்கு படங்களில் வந்த வீடு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். தப்பு என் மேல் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். இது எனக்கே உறைப்பதற்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு நல்ல மனுஷனைத் தொலைத்துவிட்டேன்.

எத்தியோப்பியாவில் மலைமேல் ஒரு ஊரில், கல்லூரி ஒன்றில் ஐந்து வருடம் மெக்கானிக்கல் பாடம் நடத்தினேன். சேலம், தருமபுரிப் பக்கத்து வாத்தியார்கள் நிறையப் பேர் அப்போது அப்படிக் கிளம்பிப் போனோம். அங்கே ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷினைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பழைய இந்திப் பாட்டை முழுசாகப் பாடினார். சின்ன வயதில் அந்த ஊர்க் கொட்டகையில் இந்திப் படங்கள்தான் ஓடுமாம். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ராகம் மட்டும் பிசகாது. பாடி முடித்துவிட்டு அர்த்தம் கேட்டார். எனக்கு இந்தி தெரியாது என்றேன். மனுஷனுக்கு முகமே விழுந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இந்தி தெரியாதா? மொரப்பூர்க்காரன் இந்தியைப் பார்ப்பதே ரயில்வே ஸ்டேஷன் பலகையில்தான் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பென்டிரைவில் இருந்த தமிழ்ப் படங்களைக் காட்ட ஆரம்பித்தேன். சனிக்கிழமை சாயங்காலமானால் அவர் வீட்டில் என் லேப்டாப்பை ஸ்டூல் மேல் வைப்போம். படத்துக்குக் கீழே ஓடும் ஆங்கிலத்தை அவர் படித்து, மனைவிக்கும் தெருக்காரர்களுக்கும் அவர்கள் மொழியில் உரக்கச் சொல்லுவார். மனைவி காப்பிக்கொட்டையை அங்கேயே வறுத்து இடித்து மூன்று சுற்று ஊற்றித் தருவார். அம்மா சாகிற காட்சி வந்தால் அத்தனை பேரும் மூக்கைச் சிந்துவார்கள். ஆறே மாதத்தில் அந்தத் தெருவுக்கே நான் சொந்தக்காரன் ஆகிவிட்டேன். அவரோ தனியாக உட்கார்ந்தும் பார்ப்பார். என் பென்டிரைவை வாங்கிக்கொண்டுபோய், ஒரே படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்.

ஒரு படத்தில் பெரிய வீடு ஒன்று வந்தது. தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம், பித்தளைச் சங்கிலியில் ஊஞ்சல். பட்டுப்புடவையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக ஓர் அம்மா மாடிப்படி இறங்கி வந்தார். தெருக்காரர் ஒருவர் படத்தை நிறுத்தச் சொல்லி, உன் வீடும் இப்படித்தானா என்று கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஏறக்குறைய இப்படித்தான் என்றேன். உன் அம்மா? அம்மாவும் அப்படித்தான் என்றேன்.

நாக்கில் சனி. மொரப்பூரிலிருந்து அரூர் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. இரண்டே அறை, மேலே சிமெண்ட் ஷீட். அம்மா களையெடுக்கப் போவாள், சீசனில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலைக்குப் போவாள், விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். சாவிக்கொத்துக்கு எங்கே போக, இருப்பதே ஒரு பூட்டு. சரி, ஒரு பொய் வாயில் வந்துவிட்டது, அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? விடவில்லை. அவர்கள் வாராவாரம் கேட்டார்கள், நான் வாராவாரம் கட்டினேன். மாந்தோப்பு கட்டினேன், மாட்டுக்கொட்டகை கட்டினேன், சமையலுக்கு ஆள் வைத்தேன். லேத் மெஷின்காரர் மட்டும் எதுவும் கேட்காமல் காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பார். நம்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையை முடித்து ஊர் திரும்பும்போது பஸ் ஏற்றிவிட வந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாரிடம் விடைபெற்றாலும், பஸ்ஸில் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரிடம்கூட, "வூட்டுக்கு வாங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போலாம்" என்போம். அவரும் "வர்றங்க" என்பார். அவர் வரப்போவதில்லை, நாமும் வழி சொல்லப்போவதில்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும். அந்தப் பழக்கத்தில் இவரிடமும் சொல்லிவைத்தேன். இவரோ பையிலிருந்து டைரியை எடுத்து, வழி கேட்டு எழுதிக்கொண்டார். பெங்களூர், அங்கிருந்து ஜோலார்பேட்டை, அங்கிருந்து மொரப்பூர்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, அரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் வந்தது. அவர்தான். பெங்களூரில் இருந்தார். தம்பிக்கு இருதய ஆபரேஷன், நல்லபடியாக முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை தனக்கு ஓய்வு, காலையில் வந்து உன் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுகிறேன் என்றார். அம்மாவுக்கென்று காப்பிக்கொட்டை கொண்டுவந்திருக்கிறாராம்.

சொந்தத்தில் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியூர் போகிறோம் என்றேன். அப்படியானால் திங்கட்கிழமை வரட்டுமா என்றார். வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று பூசி மெழுகினேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்த வீட்டுக்காகவா யோசிக்கிறாய்? அதை நான் நான்கு படங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு படத்தில் அது வில்லனுடைய வீடு. நான் உன் வீட்டைப் பார்க்கத்தான் வருகிறேன்."

சினிமாப் பைத்தியத்திடம் சினிமா வீட்டைக் காட்டி என்னுடையது என்று சொன்ன மடையன் நான். எப்போது தெரியும் என்று கேட்டேன். முதல் வருடமே தெரியும் என்றார். அந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும், இல்லை அழுதிருக்க வேண்டும். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இத்தனை வருடமும் தெருவே சேர்ந்து என்னைக் கோமாளியாக்கி வேடிக்கை பார்த்தீர்களா என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவிக்குக்கூடத் தெரியாது என்றார். இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். அவர் அதன்பிறகு கூப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். கல்யாணமும் இல்லை, பெயிண்டும் இல்லை. அம்மா களி கிண்டிக் கீரை கடைந்திருந்தாள். இரண்டு உருண்டை தின்பவன் ஒன்றுக்கே திணறினேன். உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து, அதே கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்த சேலத்து வாத்தியார் ஒருவர் என் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், இங்க தெருவுல எல்லாம் உங்க வூட்டுப் பேச்சுதாங்க. லேத் மெஷின்காரரு வந்து பாத்தாராமே, தூணு, ஊஞ்சலு எல்லாம் அப்படியே இருக்குதுன்னு சொல்றாருங்க. உங்கம்மா மொத வாய அவங்க கையாலயே ஊட்டி வுட்டாங்களாமே."

விருந்தாளிக்கு முதல் கவளத்தைத் தன் கையால் ஊட்டுவது அவர்கள் ஊர் வழக்கம், நம்முடையது இல்லை. திரும்பிப் போனதும் தெரு முழுக்கக் கேட்டிருக்கும், வீட்டைப் பார்த்தாயா என்று. நான் புளுகன் என்று சொல்லியிருக்கலாம். வரவேண்டாம் என்று விரட்டினான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான். அந்த மனுஷன் அவர்கள் முன்னால் என் மானம் போகக்கூடாதென்று, வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாத வாயால், நான் விட்ட இடத்திலிருந்து என் பொய்யைக் கட்டியிருக்கிறார். அதில் என் அம்மாவைத் தன் வீட்டுப் பெண்ணைப் போல ஊட்டவும் வைத்திருக்கிறார்.

"ஆமாங்க, வந்தாருங்க" என்றேன் போனில்.

யாரு வந்தது என்று அம்மா கேட்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஊஞ்சல், சாவிக்கொத்து, பெயிண்ட் எல்லாவற்றையும் சொன்னேன். புளி தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"என்னக் காட்டறதுக்கு வெக்கமா இருந்துதாடா உனக்கு?"

இல்லம்மா என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த புளியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள்.